குடலுக்குள் குடல்: பொலிப்பால் வரும் குடலடைப்பும் அதற்கான சத்திரசிகிச்சையும்

வயிற்றுக்குத்து என்றதும் கொழும்பில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அநேக வீடுகளில் முதலில் அடுப்பேறுவது ஓமத் தண்ணி. அடுத்தது இஞ்சி போட்ட பிளேன் டீ. அதற்கும் அடங்காவிட்டால் சந்திப் பாமசியில் ஒரு கேஸ்ட்ரிக் குளிசை. பெரும்பாலான வயிற்றுக்குத்துகளுக்கு இவ்வளவும் போதும். போதாத வலி ஒன்று உண்டு. வந்து முறுக்கும், விட்டுவிடும், ஐந்து பத்து நிமிடத்தில் திரும்பவும் வரும். கூடவே சத்தி. வயிறு உப்பிக்கொண்டு போகும். மலமும் போகாது, காற்றும் பிரியாது. இதுதான் குடலடைப்பு.

வளர்ந்தவர்களுக்குக் குடல் அடைபடுவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள்தான்: முன்னர் செய்த சத்திரசிகிச்சையால் குடல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது, வயிற்றுச் சுவரின் பலவீனமான இடத்தால் பிதுங்கும் ஹேர்னியாவில் குடல் சிக்குவது, பெருங்குடல் புற்றுநோய். பொலிப்பால் வரும் அடைப்பு இவற்றைவிட மிகவும் அரிது. அரிதாக இருப்பதாலேயே பிந்திப் பிடிபடுகிறது. நோயாளி பெரும்பாலும் இளவயதினராக இருப்பார். வயிற்றில் பழைய தழும்பு இருக்காது, ஹேர்னியாவும் இருக்காது. சாப்பிட்ட பின் வந்து தானாகவே போய்விடும் முறுக்கு வலியை மாதக்கணக்கில் கேஸ்ட்ரிக் என்றே எண்ணிக்கொண்டிருப்பார். ஒருநாள் அது போகாது.

பொலிப் என்றால் என்ன

குடலின் உட்புறம் ஈரமான மென்சவ்வு. அந்தச் சவ்விலிருந்து குடலின் நடுவெளியை நோக்கி வளரும் சதைமுளைதான் பொலிப். சில பொலிப்புகள் காளான் போலக் காம்போடு தொங்கும். சிலவற்றுக்குக் காம்பு இருக்காது, சுவரோடு படிந்திருக்கும். அளவில் இரண்டு மில்லிமீற்றரும் உண்டு, ஐந்து சென்ரிமீற்றரும் உண்டு.

எல்லாப் பொலிப்பும் ஒன்றல்ல. மலவாசல் வழியாகக் கமராக் குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பியில் அடிக்கடி காணப்படும் அடினோமா பெருங்குடலுக்குரியது. அது சிறிதாக இருக்கும்வரை எதையும் அடைக்காது. அதிலுள்ள ஆபத்து வேறு: பத்து வருடம்போல எடுத்து மெல்லப் புற்றாக மாறக்கூடும், அந்தப் புற்றுத்தான் பின்னர் குடலை அடைக்கும். சிறுகுடலில் அடைப்பை உண்டாக்குபவை பெரும்பாலும் அந்த இடத்துக்குரிய சதையே ஒழுங்கில்லாமல் பெருகி உண்டாகும் ஹமார்ட்டோமா எனப்படும் பொலிப்புகள், கொழுப்பால் ஆன லிபோமா, அழற்சியால் வளரும் நார்ப் பொலிப் ஆகியவை. இவை அநேகமாகப் புற்றல்ல. ஆனால் பெரிதாக வளரும், காம்பும் நீளும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

அடைப்பது எப்படி

சிறுகுடலின் உள்விட்டம் இரண்டரை முதல் மூன்று சென்ரிமீற்றர். அதில் ஓடுவது நீர்போன்ற உணவுக்கூழ். ஆகவே இரண்டு சென்ரிமீற்றர் பொலிப் ஒன்று நின்றாலும் கூழ் அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும். போத்தலுக்கு மூடி போட்டதுபோலப் பொலிப் அடைப்பதாகத்தான் பலர் நினைக்கிறார்கள். அப்படி நடப்பது குறைவு. பொலிப்பை உணவென்று எடுத்துக்கொண்டு குடலே இழுப்பதுதான் வழக்கமாக நடப்பது.

நீளக்கைச் சட்டை ஒன்றை எடுத்து, அதன் கையின் உட்புறம் முழங்கை வரும் இடத்தில் ஒரு பொத்தானைத் தைத்துவிடுங்கள். பிறகு மணிக்கட்டு வாயால் விரலை விட்டு அந்தப் பொத்தானைப் பிடித்து இழுங்கள். பொத்தான் தைத்த துணி மடிந்து, சட்டைக்கை தனக்குள் தானே நுழையும். இழுக்க இழுக்க மேற்பகுதி கீழ்ப்பகுதிக்குள் போய்க்கொண்டே இருக்கும். குடலிலும் இதுவே நடக்கிறது. குடல் சுருங்கி விரிந்து உணவைக் கீழே தள்ளும்போது தொங்கும் பொலிப்பையும் சேர்த்துத் தள்ளுகிறது. பொலிப் தன் காம்பையும், காம்பு தான் முளைத்த குடற்சுவரையும் இழுக்கின்றன. மேற்குடல் கீழ்க்குடலுக்குள் செருகிக்கொள்கிறது. இதைக் குடற்செருகல் என்பார்கள்.

சட்டைக்கைக்கும் குடலுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. குடல் தனியாகக் கிடப்பதில்லை. குடல்தாங்கி என்ற கொழுப்புச் சவ்வொன்று அதை முதுகுப்பக்கச் சுவரோடு இணைத்து வைத்திருக்கிறது. குடலுக்கு இரத்தம் கொண்டுவரும் நாடிகளும் அதைத் திருப்பிக் கொண்டுபோகும் நாளங்களும் அந்தச் சவ்வுக்குள்தான் ஓடுகின்றன. குடல் உள்ளே செருகும்போது குடல்தாங்கியையும் கூட்டிக்கொண்டு போகிறது. இரண்டு சுவர்களுக்கு நடுவே அது நெரிபடுகிறது. நாளங்களின் சுவர் மெல்லியது, உள்ளே அழுத்தமும் குறைவு. அதனால் முதலில் மூடுபடுவது அவைதான். நாடி வழியாக இரத்தம் இன்னும் வந்துகொண்டிருக்கும், திரும்பிப் போக வழியில்லை. குடல் வீங்கிக் கருஞ்சிவப்பாகும். உட்சவ்வு கசிந்து சளியும் இரத்தமும் கலந்து வரும். வீக்கம் கூடக்கூட நாடியும் அடைபடும். அதன்பிறகு சில மணித்தியாலங்களில் அந்தத் துண்டு செத்துப்போகும். செத்த குடல் ஓட்டையாகும், உள்ளிருக்கும் அழுக்கு வயிற்றறைக்குள் கொட்டும்.

இன்னொரு பக்கத்தில் அடைப்புக்கு மேலே தண்ணீர் தேங்குகிறது. எச்சில், இரைப்பைச் சாறு, பித்தம், கணையச் சாறு, நாம் குடிப்பது எல்லாமாக ஒரு நாளில் எட்டு லீற்றருக்குக் கிட்டச் சிறுகுடலுக்குள் போகிறது. சாதாரணமாக அதில் ஒன்று ஒன்றரை லீற்றர் தவிர மீதியைச் சிறுகுடலே உறிஞ்சிவிடும். அடைபட்ட குடல் உறிஞ்சாது, உள்ளேயே தேக்கிவைக்கும். வாயால் ஒரு சொட்டும் குடிக்காதவர்கூடச் சத்தி எடுப்பதும் நாக்கு வறண்டு சிறுநீர் குறைவதும் அதனால்தான். உடம்பின் நீர் உடம்புக்குள்ளேயே, ஆனால் பயன்படாத இடத்தில் கிடக்கிறது.

உதட்டில் கறுப்புப் புள்ளிகள்

கைக்குழந்தைகளுக்கு வரும் குடற்செருகலுக்குப் பெரும்பாலும் பொலிப் காரணமல்ல. மூன்று மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளில் வெளித்தெரியும் காரணம் எதுவுமில்லாமலே அது வரும். மலவாசல் வழியாகக் காற்றையோ சேலைனையோ அழுத்தத்தோடு செலுத்திப் பின்னே தள்ளிவிட்டாலே பலருக்குச் சரியாகிவிடும். அதைவிடப் பெரிய பிள்ளைக்கோ வளர்ந்தவருக்கோ வந்தால் கணக்கு மாறுகிறது. வளர்ந்தவர்களில் பத்துப் பேருக்கு ஏழு முதல் ஒன்பது பேரில் செருகலை முன்னின்று இழுத்த ஒரு கட்டியோ பொலிப்போ இருக்கும்.

சிறுகுடற் பொலிப்புகள் பலவாக வருவதற்குப் பெயர்போன பரம்பரை நோய் பொய்ட்ஸ்-ஜெகர்ஸ். நெதர்லாந்தைச் சேர்ந்த பொய்ட்ஸ் 1921 இல் ஒரு குடும்பத்தில் இதைக் கண்டு எழுதினார். அமெரிக்காவில் ஜெகர்ஸும் கூட இருந்தவர்களும் 1949 இல் விரிவாக விளக்கினர். 19 ஆம் நிறமூர்த்தத்தில் உள்ள காரணமான மரபணு 1998 இல் கண்டுபிடிக்கப்பட்டது. தாய் தகப்பனில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர ஐம்பது வீத வாய்ப்பு. குடும்பத்தில் எவருக்கும் இல்லாமல் புதிதாகவும் வரலாம்.

இந்த நோயைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் முகத்திலேயே இருக்கும். உதட்டில், சில வேளை விரல் நுனிகளிலும் மூக்கைச் சுற்றியும், பேனை மையைத் தெளித்ததுபோலக் கறுத்த அல்லது கபிலப் புள்ளிகள். மச்சம் என்று சொல்லி விட்டுவிடுவார்கள். பருவ வயதுக்குப் பிறகு உதட்டிலுள்ளவை மங்கிவிடலாம், கன்னத்தின் உட்புறத்தில் உள்ளவை பெரும்பாலும் மங்குவதில்லை. ஆகவே அடிக்கடி வயிறு முறுக்கும் பிள்ளையின் கீழுதட்டை மெல்ல விரித்து, கன்னத்தின் உட்பக்கத்தையும் டோர்ச் வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். புள்ளி இருப்பவர் எல்லோருக்கும் நோய் இருப்பதாக எண்ணிப் பயப்பட வேண்டாம். ஆனால் புள்ளியும் முறுக்கு வலியும் ஒரே ஆளில் சேர்ந்திருந்தால் வைத்தியரிடம் இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இந்த நோயுள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இருபது வயதுக்குள் ஒருமுறையாவது குடற்செருகல் வந்துவிடுகிறது.

வீட்டில் என்ன செய்யக் கூடாது, எப்போது கிளம்ப வேண்டும்

பேதிக்கு எதையும் கொடுக்காதீர்கள். ஆமணக்கெண்ணெய், சுகபேதிக் குளிசை, நாட்டு மருந்து எல்லாமே அடைபட்ட குடலை இன்னும் பலமாகத் தள்ளச் செய்யும். செருகல் இன்னும் உள்ளே போகும், வலியும் கூடும். வயிற்றை எண்ணெய் போட்டு அமுக்கி உருவுவதும் வேண்டாம். கஞ்சியோ ஜீவனிக் கரைசலோ வற்புறுத்திப் பருக்கினால் அது சத்தியாகத்தான் திரும்பி வரும். மயக்க மருந்து கொடுக்கும் நேரத்தில் அது நுரையீரலுக்குள் போகும் ஆபத்தும் உண்டு.

முறுக்கு வலியோடு திரும்பத் திரும்பச் சத்தி, அரை நாளாகக் காற்றும் பிரியவில்லை, வயிறு உப்புகிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சத்தி பச்சையாகவோ பின்னர் மலவாடையோடு கபிலமாகவோ மாறினால் அடைப்பு நிச்சயம் என்றே எடுத்துக்கொள்ளலாம். அதிகம் பயப்பட வேண்டிய மாற்றம் ஒன்று உண்டு. விட்டுவிட்டு வந்த வலி விடாத வலியாக மாறுவது. அத்தோடு காய்ச்சல், படபடப்பு, தொட்டாலே வயிறு கல்லுப்போல இறுகுவது, மலவாசலால் இரத்தச் சளி. குடலுக்கு இரத்தம் போகவில்லை என்பதன் அறிகுறிகள் இவை. சிலவேளை வலி திடீரென்று குறைந்து ஆள் சோர்ந்து கிடப்பார். வீட்டுக்காரர் குணமாகிவிட்டது என்று நினைப்பார்கள். குடல் செத்தோ வெடித்தோ போயிருக்கலாம்.

1990 க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். வளர்ந்தவர்களுக்குக் கொழும்பு தேசிய வைத்தியசாலையும் களுபோவில வைத்தியசாலையும், பிள்ளைகளுக்குப் பொரளை சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையும் சத்திரசிகிச்சைப் பிரிவுள்ள அரச வைத்தியசாலைகள். அங்கே சிகிச்சைக்குக் காசு இல்லை. தனியார் இடத்துக்குப் போவதென்றால் இரவிலும் சி.டி. ஸ்கானும் சேர்ஜனும் இருக்கிறார்களா என்று முதலில் போனில் கேளுங்கள். இல்லாத இடத்துக்குப் போய் மாற்றி அனுப்பப்பட்டால் போவது மணித்தியாலக் கணக்கில் நேரம்.

அவசர சிகிச்சைப் பிரிவில் தமிழ் தெரிந்தவர் அந்த நேரத்தில் இல்லாவிட்டால், சிங்களத்தில் வயிற்றுவலிக்குப் "படே கெக்கும", சத்திக்கு "வமனே" என்று சொன்னால் விளங்கும். அவற்றோடு முடிந்துவிடாமல் "ஹுலங் யன்னே நே" என்பதையும் சொல்லுங்கள். காற்றுப் பிரியவில்லை என்பது பொருள். வயிற்றுவலி என்று வரும் கூட்டத்தில் உங்கள் ஆளை வேறுபடுத்திக் காட்டும் வசனம் அது.

முதல் மணித்தியாலம்

கத்தி வைப்பதற்கு முன்னர் உடம்பை அதற்குத் தயாராக்க வேண்டும். வாயால் எதுவும் கொடுக்க மாட்டார்கள். மூக்கு வழியாக இரைப்பைக்கு ஒரு குழாய் போடுவார்கள். அது பிடிக்காத வேலைதான். தொண்டையில் குமட்டும். குழாய் இறங்கும்போது மோவாயை நெஞ்சோடு ஒட்டிவைத்து விழுங்க முயன்றால் லேசாக இறங்கும். பச்சைத் தண்ணீர் ஒரு லீற்றர் பைக்குள் வந்ததும் வயிற்றின் இறுக்கம் தளர்வதை நோயாளியே உணர்வார். குழாயின் பெரிய நன்மை நுரையீரலுக்குப் பாதுகாப்பு.

கையில் சேலைன் ஏறும். போதுமான அளவு ஏறுகிறதா என்பதைச் சிறுநீர்தான் சொல்லும். அதற்காகவே சலக்குழாய் போடுகிறார்கள். ஒரு கிலோ நிறைக்கு மணிக்கு அரை மில்லிலீற்றர் சிறுநீராவது வர வேண்டும். அறுபது கிலோ ஆளுக்கு மணிக்கு 30 மில்லிலீற்றர். பையில் எவ்வளவு சேர்ந்தது என்று நேர்ஸ் மணிக்கொருமுறை குறிப்பது இதைத்தான். சத்தியோடு பொட்டாசியமும் குறைந்திருக்கும். பொட்டாசியம் குறைந்தால் இதயத் துடிப்பும் பிசகும், குடலும் சோம்பிவிடும். சிறுநீர் வரத் தொடங்கியபின் பொட்டாசியத்தை அளவோடு சேர்ப்பார்கள். வலிக்கு ஊசி போடுவதால் நோய் மறைந்துவிடாது, கேட்டு வாங்குங்கள்.

எக்ஸ்ரேயில் சிறுகுடல் மூன்று சென்ரிமீற்றருக்கு மேல் விரிந்திருந்தால் அடைப்பு. நின்றபடி எடுத்த படத்தில் காற்றும் தண்ணீரும் படிப்படியாக அடுக்கி நிற்கும். ஆனால் காரணத்தை எக்ஸ்ரே சொல்லாது. அல்ட்ராசவுண்டும் அதைவிடத் தெளிவாக சி.டி. ஸ்கானும் சொல்லும். வெங்காயத்தைக் குறுக்கே வெட்டினால் தெரிகிற வளையத்துக்குள் வளையம்தான் குடற்செருகலின் படம். நடுவே கொழுப்பும் இரத்தக் குழாய்களும் தெரிந்தால் குடல்தாங்கியும் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். வேறு காரணத்துக்காக எடுத்த ஸ்கானில் தற்செயலாகச் சிறு செருகல் ஒன்று தெரிவதும் உண்டு. அடைப்பும் இல்லை, வலியும் இல்லை, முன்னே கட்டியும் இல்லை என்றால் அது அநேகமாகத் தானே விடுபடும். ஸ்கான் அறிக்கையில் அந்தச் சொல்லைக் கண்ட மாத்திரத்தில் சத்திரசிகிச்சை என்று முடிவெடுக்க முடியாது.

கமராக் குளிசையை விழுங்கிப் பார்க்கலாமே என்று சிலர் கேட்பார்கள். அடைப்பு இருக்கும்போது அது கூடவே கூடாது, குளிசையே போய் அடைப்பில் நின்றுவிடும்.

சத்திரசிகிச்சைக்கூடத்தில்

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வைக்கும் முன் தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. இரண்டு விஷயங்களைக் கட்டாயம் கேளுங்கள்: குடலில் ஒரு பகுதியை வெட்டி எடுக்க நேருமா, குடலை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து பை வைக்க நேருமா. உள்ளே பார்த்த பிறகுதான் நிச்சயமாகச் சொல்ல முடியும். ஆனாலும் கண்விழித்ததும் பையைப் பார்த்து அதிர்வதைவிட முன்னரே தெரிந்திருப்பது எவ்வளவோ மேல். இரத்தத்துக்கு உறவினர்கள் அலைய வேண்டியதில்லை. தேசிய குருதி மாற்றுச் சேவை தன்னார்வக் கொடையாளர்களின் இரத்தத்தையே தருகிறது.

சாதாரண சத்திரசிகிச்சைக்கு ஆறு மணித்தியாலம் உணவில்லாமல் இருந்தால் வயிறு வெறுமையாகிவிடும். குடலடைப்பில் எத்தனை மணித்தியாலம் இருந்தாலும் வயிறு நிறைந்ததாகவே மயக்க மருந்து வைத்தியர் கொள்வார். அதனால் மூக்குக் குழாயை உறிஞ்சி வெறுமையாக்கி, மருந்து கொடுத்த உடனேயே சுவாசக் குழாயைப் போடுவார்.

வெட்டு பொதுவாகத் தொப்புளைச் சுற்றி நடுக்கோட்டில் மேலிருந்து கீழாக. சிறுதுளைச் சத்திரசிகிச்சை செய்யக்கூடியவர்களும் உண்டு. ஆனால் குடல் பலூன்போல உப்பி நிற்கும்போது கமராவுக்கு இடம் கிடைக்காது, கருவி பட்டுக் குடல் ஓட்டையாகவும் கூடும். அடைபட்ட இடத்தைக் கண்டுபிடிக்க, உப்பாமல் சுருங்கிக் கிடக்கும் குடலைப் பெருங்குடல் சேரும் முனையிலிருந்து மேல்நோக்கிக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டு போவார்கள். திடீரென்று கை தடித்த, இறுகிய ஒரு துண்டில் முட்டும். செருகல் அதுதான்.

அதை விடுவிப்பதில்தான் கைப்பழக்கம் தெரியும். உள்ளே போன குடலைப் பிடித்து வெளியே இழுக்கவே கூடாது. வீங்கிய குடல் ஈரக் கடதாசிபோலக் கிழியும். கீழ்முனையில், பொலிப் நிற்கிற இடத்தை வெளிச்சுவரோடு சேர்த்து உள்ளங்கையால் பொத்தி, பற்பசைக் குழாயை அடியிலிருந்து பிதுக்குவதுபோல மெல்ல மெல்ல மேலே அமுக்க வேண்டும். வந்த வழியே அது பின்வாங்கும். கடைசி இரண்டு சென்ரிமீற்றர்தான் பிடிவாதம் பிடிக்கும், வீக்கம் அதிகமாக இருப்பது அங்கே. வெளியிலிருந்தே குடல் கறுத்து நாறினால் விடுவிக்க முயலவே மாட்டார்கள். விடுவித்தால் செத்த பகுதியில் தேங்கிய நச்சும் கிருமியும் இரத்தத்தில் கலக்கும். அப்படியே முழுத்துண்டாக வெட்டி எடுப்பார்கள்.

பெருங்குடலில் வந்த செருகலுக்கும் வளர்ந்தவர்களில் இதே விதிதான், அங்கே காரணம் வேறு. பெருங்குடலில் முன்னின்று இழுப்பவற்றில் பாதிக்கு மேல் புற்று. பிதுக்கினால் புற்றுக் கலங்கள் சிதறக்கூடும். ஆகவே அதற்குரிய குடல்தாங்கியோடும் நிணநீர்க் கணுக்களோடும் சேர்த்தே எடுப்பார்கள்.

விடுவித்த சிறுகுடல் கத்தரிக்காய் நிறத்தில் இருக்கும். உயிர் இருக்கிறதா என்று உடனே சொல்ல முடியாது. இளஞ்சூட்டுச் சேலைனில் நனைத்த துணியால் சுற்றி, மயக்க மருந்து வைத்தியரிடம் ஒட்சிசனைக் கூட்டச் சொல்லிவிட்டுப் பத்து நிமிடம் காத்திருப்பார்கள். துணியை எடுத்தால் நிறம் இளஞ்சிவப்புக்குத் திரும்பியிருக்க வேண்டும், மேற்பரப்பு மினுங்க வேண்டும், குடல்தாங்கி ஓரத்தில் நாடித் துடிப்புத் தெரிய வேண்டும், விரலால் லேசாகக் கிள்ளினால் குடல் நெளிய வேண்டும். கறுத்து, மங்கி, அசைவில்லாமல் கிடந்தால் எடுக்க வேண்டியதுதான். நீண்ட பகுதி சந்தேகத்துக்கு இடமாக இருந்தால் வயிற்றைத் தற்காலிகமாக மூடி 24 முதல் 48 மணித்தியாலத்துக்குள் திரும்பத் திறந்து பார்ப்பதும் உண்டு. அது தவறு நடந்ததால் செய்வதல்ல, தேவைக்கு அதிகமாகக் குடலை இழக்காதிருக்கச் செய்வது.

குடல் பிழைத்துவிட்டால் பொலிப்பை மட்டும் எடுத்தால் போதும். சுவருக்கு வெளியே விரல் வைத்தால் உள்ளே மாபிள்போல நழுவும். குடல்தாங்கிக்கு எதிர்ப்புறம், இரத்தக் குழாய் குறைந்த பக்கத்தில், குடலின் நீளவாக்கில் மூன்று சென்ரிமீற்றர் வெட்டுவார்கள். பூக்கோவாப் பூப்போலக் கிளைத்த பொலிப் வெளியே வரும். காம்பின் அடியில் நூலைக் கோத்துக் கட்டி அதை வெட்டிவிட்டு, நீளவாக்கில் வெட்டிய வாயைக் குறுக்குவாக்கில் தைப்பார்கள். நீளவாக்கிலேயே தைத்தால் அந்த இடம் ஒடுங்கி, எடுத்த அடைப்புக்குப் பதிலாக இன்னொன்றை வைத்ததுபோலாகும்.

வெட்டி எடுக்க வேண்டி வந்தால் இருபுறமும் நல்ல குடல் வரும்வரை போய் வெட்டுவார்கள். குடல்தாங்கியை விசிறிபோல வெட்டி, நாடி நாளங்களை ஒவ்வொன்றாகக் கட்டி, இரண்டு முனைகளையும் கையால் தைத்தோ ஸ்டேப்ளரால் இணைத்தோ விடுவார்கள். மூன்று சீரோ எனப்படும் மெல்லிய நூலில் நாலைந்து மில்லிமீற்றருக்கு ஒரு தையல். பொருத்து நிற்பதற்கு முனைகளுக்கு நல்ல இரத்தம் வர வேண்டும், இழுவிசை இருக்கக் கூடாது, கீழே வேறு அடைப்பும் இருக்கக் கூடாது. குடல்தாங்கியில் விட்ட இடைவெளியையும் தைத்து மூடுவார்கள், இல்லாவிட்டால் வேறொரு குடல் அதற்குள் புகுந்து சிக்கும். வயிற்றறை முழுக்க அழுக்காகி, நோயாளியின் இரத்த அழுத்தமும் விழுந்திருந்தால் அந்த நேரத்தில் பொருத்துவது ஆபத்து. முனையை வெளியே கொண்டுவந்து பை வைத்துவிட்டு, உடம்பு தேறிய சில மாதங்களின் பின் திரும்ப உள்ளே இணைப்பார்கள்.

பொய்ட்ஸ்-ஜெகர்ஸ் நோயாளியில் இன்னொரு வேலை இருக்கிறது. அன்றைக்கு அடைத்தது ஒரு பொலிப்பாக இருக்கும், மேலும் கீழும் இன்னும் பல காத்திருக்கும். வெட்டிய அதே வாயால் எண்டோஸ்கோப் எனும் கமராக் குழாயை விட்டு, கூடத்தின் பெரிய விளக்குகளைத் தணித்து, சேர்ஜன் குடலைச் சுருக்கிச் சுருக்கிக் குழாய்மேல் ஏற்றிக் கொடுப்பார். ஸ்கோப்பின் வெளிச்சம் குடற்சுவரூடாகச் சிவப்பாகத் தெரியும். உள்ளிருக்கும் பெரிய பொலிப்புகளையும் அப்போதே எடுத்துவிடலாம். எல்லா நிலையிலும் இதற்கு நேரமும் வசதியும் இருக்காது. ஆனால் செய்ய முடிந்தால் அடுத்த சத்திரசிகிச்சையைப் பல வருடம் தள்ளிப்போடும். இந்த நோயில் ஒவ்வொரு முறையும் குடலைத் தாராளமாக வெட்டி எடுத்தால் கடைசியில் உணவை உறிஞ்சப் போதிய குடல் இராது. இரண்டு மீற்றருக்குக் குறைந்தால் அந்த நெருக்கடி தொடங்கும்.

பிறகு வரும் நாட்கள்

முதல் சில நாட்கள் குடல் அசையாமல் உறங்கும். வார்ட் ரவுண்டில் தினமும் "காற்றுப் பிரிந்ததா" என்று கேட்பது வெட்கப்படுவதற்கல்ல, அந்தப் பதிலை வைத்துத்தான் தண்ணீர் தொடங்குவார்கள். மறுநாளே எழுந்து நடக்கச் சொல்வார்கள். தலையணையை வயிற்றில் அணைத்துக்கொண்டு இருமிச் சளியைத் துப்புங்கள். படுத்தே கிடந்தால் நுரையீரலில் சளி கட்டும், காலில் இரத்தம் உறையும்.

மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரை பொருத்துக் கசிவைக் கவனிக்கும் காலம். தேறி வந்தவருக்குத் திரும்பக் காய்ச்சல், நாடித்துடிப்பு மணிக்கு மணி ஏறுவது, வலி கூடுவது, சாப்பாட்டில் வெறுப்பு, வயிறு திரும்ப உப்புவது. இவற்றை யாரும் கேட்கக் காத்திராமல் நீங்களே சொல்லுங்கள். வைத்தியசாலையில் விடுவித்து வீட்டுக்கு வந்த பிறகு என்றாலும் அதே வார்டுக்கோ அவசரப் பிரிவுக்கோ போங்கள்.

வீட்டில் குழைந்த சோறு, இடியப்பமும் சொதியும், அவித்த மீன், முட்டை என்று சிறிது சிறிதாக, அடிக்கடி. பலாக்காய், முருங்கைக்காய்ச் சக்கை, வல்லாரைத் தண்டு போன்ற நார்ச் சாப்பாடு சில வாரம் பொறுக்கட்டும். ஆறு வாரத்துக்குப் பாரம் தூக்கக் கூடாது. 12.5 கிலோ கேஸ் சிலிண்டரை நகர்த்துவதும் பாரம் தூக்குவதுதான். தழும்பில் ஹேர்னியா வருவதற்கு அதுவே போதும். சிறுகுடலின் கடைமுனையில் அறுபது சென்ரிமீற்றருக்கு மேல் எடுத்திருந்தால் பி12 விற்றமின் உறிஞ்சப்படாது. உடம்பில் சேமிப்பு இருப்பதால் குறைபாடு தெரிய வருடங்கள் எடுக்கும், அதனால் பி12 ஊசி போட வேண்டியது மறந்துபோகும்.

பயொப்சி அறிக்கை

எடுத்த பொலிப் பயொப்சிக்குப் போகும், அறிக்கை வரச் சில வாரங்கள் எடுக்கும். காயம் ஆறியதும் பலர் அதை எடுக்கவே போவதில்லை. இது உண்மையாகவே வருத்தம் தருகிற விஷயம், ஏனென்றால் அடுத்து என்ன செய்வதென்று சொல்வது அந்தக் கடதாசிதான். ஒற்றை லிபோமா என்றால் கதை அங்கே முடிந்தது. அடினோமாவோ புற்றோ என்றால் கொலோனோஸ்கோப்பியும் தொடர் சிகிச்சையும் வேண்டும். பொய்ட்ஸ்-ஜெகர்ஸ் ஹமார்ட்டோமா என்றால் வாழ்நாள் முழுதும் கண்காணிப்பு: அடைப்பு இல்லாத காலத்தில் கமராக் குளிசையோ எம்.ஆர். ஸ்கானோ செய்து சிறுகுடலைப் பார்ப்பது, பொதுவாக மூன்று வருடத்துக்கு ஒருமுறை. பதினைந்து இருபது மில்லிமீற்றரை எட்டும் பொலிப்பை, வயிற்றைத் திறக்காமல் பலூன் எண்டோஸ்கோப்பியால் எடுத்துவிடலாம். செருகும் அளவுக்கு அது வளரும் முன்னர் பிடிப்பதே நோக்கம். மார்பு, கணையம், இரைப்பை, பெருங்குடல் ஆகியவற்றில் புற்று வரும் வாய்ப்பும் இவர்களுக்குக் கூடுதலாதலால் அந்தப் பரிசோதனைகளும் வயதுக்கேற்பச் சேரும். நோயாளியின் பிள்ளைகளுக்கு வலி ஏதும் இல்லாவிட்டாலும் எட்டு வயதளவில் முதல் பரிசோதனை செய்ய வேண்டும்.

வீட்டுக்கு அனுப்பும்போது தரும் டயக்னோசிஸ் கார்டில் எவ்வளவு குடல் எந்தப் பகுதியில் எடுக்கப்பட்டது, மீதி எவ்வளவு, வேறு பொலிப் விடப்பட்டதா என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் கிளினிக்கில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். போனில் ஒரு படம் எடுத்து வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள். வயிற்றைத் திறந்தவருக்குக் குடல் ஒட்டிக்கொண்டு திரும்ப அடைப்பு வரலாம், பொலிப் மறுபடி வளர்ந்தும் வரலாம். இரவு இரண்டு மணிக்கு அவசரப் பிரிவில் நிற்கும் வைத்தியர் இரண்டில் எதைத் தேட வேண்டும் என்று அந்தக் கார்டைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்.